நார்மன் பேட்ஸ்: ஒரு கத்தியும் ஒரு சொல்லும்

"டேய், அவன் ஒரு சைக்கோடா!"

கல்லூரியில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்த வாக்கியம் காதில் விழாமல் இருக்காது. இன்டர்னல் மார்க்கில் கை வைக்கும் வாத்தியார் சைக்கோ. விட்டுப்போன காதலிக்கு விடாமல் போன் போடுகிறவன் சைக்கோ. ராத்திரி இரண்டு மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு ரெக்கார்டு நோட்டு எழுதும் ரூம்மேட்டும் சைக்கோ. பேப்பரைத் திறந்தால் 'சைக்கோ கொலையாளி சிக்கினான்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

இந்த மூன்றெழுத்துச் சொல் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் வழியில் ஒரு பழைய மோட்டல் வருகிறது. பன்னிரண்டு அறைகள், பன்னிரண்டும் காலி. பின்னால் மேட்டின் மேல் ஒரு பெரிய வீடு, ஜன்னலில் ஒரு கிழவியின் நிழல். மோட்டலை நடத்துகிறவன் ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள இளைஞன். பெயர் நார்மன் பேட்ஸ்.

அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2003ல் ஹாலிவுட்டின் தலைசிறந்த வில்லன்களைப் பட்டியலிட்டபோது இவனுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. முதலிடம் ஹானிபல் லெக்டருக்கு. டார்த் வேடருக்கே மூன்றாவது இடம்தான். பேயும் இல்லை, ரத்தக்காட்டேரியும் இல்லை, பறக்கவும் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவன் எப்படி இங்கே வந்து உட்கார்ந்தான், நமக்கு எதை விட்டுப்போனான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

1960ல் வந்த படத்துக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை தேவையா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: 'சைக்கோ' பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கும் ஓடிவிடாது :-)

விஸ்கான்சினில் ஒரு பண்ணை வீடு

கதை சினிமாவில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்ட் என்று ஒரு குட்டி ஊர். 1957 நவம்பரில் அங்கே ஹார்டுவேர் கடை நடத்திவந்த ஒரு பெண்மணி காணாமல் போனார். போலீஸ் சந்தேகப்பட்டு எட் கீன் என்ற ஐம்பது வயதுக்காரரின் பண்ணை வீட்டுக்குப் போனது. அந்தப் பெண்ணின் உடல் அங்கே கிடந்தது. அதோடு, கல்லறைகளைத் தோண்டி எடுத்த பிணங்களின் எலும்பிலும் தோலிலும் செய்த பொருட்களும் கிடைத்தன. 1954ல் காணாமல் போன இன்னொரு பெண்ணையும் தான்தான் கொன்றதாக கீன் ஒப்புக்கொண்டார்.

கீனின் அம்மா மிகக் கண்டிப்பான மத நம்பிக்கை கொண்டவர். உலகத்தில் பெண்கள் எல்லோரும் பாவிகள் என்று சொல்லிச் சொல்லியே மகனை வளர்த்தவர். அவர் 1945ல் இறந்தபின் கீன் அந்த வீட்டில் தனியாக இருந்தார். மற்ற அறைகளில் குப்பை மலையாகக் குவிந்திருக்க, அம்மா பயன்படுத்திய அறைகளை மட்டும் அடைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். ஊர்க்காரர்களுக்கு அவர் கொஞ்சம் விசித்திரமான, ஆனால் தொந்தரவில்லாத ஆசாமி. கூப்பிட்டால் கூலி வேலைக்கு வருவார், அவ்வளவுதான்.

டாக்டர்கள் அவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாகச் சொன்னார்கள். விசாரணையைத் தாங்கும் நிலையில் இல்லை என்று மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பத்து வருடம் கழித்து 1968ல் வழக்கு நடந்தபோதும் மனநிலை காரணமாகத் தண்டனை இல்லாமல் மருத்துவமனைக்கே திரும்பினார். 1984ல் இறந்தார்.

பிளெயின்ஃபீல்டிலிருந்து சுமார் 40 மைல் தள்ளி அப்போது குடியிருந்தவர் ராபர்ட் பிளாக் என்ற எழுத்தாளர். கீன் பற்றிய எல்லா விவரமும் அவருக்கு அப்போது தெரியாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு சின்ன ஊரில், பக்கத்து வீட்டுக்காரன் இப்படி இருப்பது யாருக்குமே தெரியாமல் போனது எப்படி என்ற ஒரு கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது. 1959ல் 'சைக்கோ' நாவல் வந்தது. ஆங்கிலப் பேச்சில் 'சைக்கோ' என்ற சொல் அதற்கு முன்பே புழங்கியதுதான். ஆனால் ஒரு புத்தகத்தின் அட்டையில், பிறகு ஒரு சினிமா போஸ்டரில் ஏறிய பிறகு அதற்குக் கிடைத்த வாழ்வே வேறு.

குண்டு மனிதன் ஒல்லியான கதை

நாவலின் நார்மனைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. நாற்பது வயது, குண்டு, மூக்குக் கண்ணாடி, குடிப்பழக்கம். பார்த்தவுடனேயே 'இந்த ஆள் சரியில்லை' என்று தோன்றிவிடும்.

பத்தாயிரம் டாலருக்கும் குறைவான விலையில், வாங்குவது யார் என்று காட்டிக்கொள்ளாமல், நாவலின் உரிமையை வாங்கினார் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். பாரமவுன்ட் நிறுவனத்துக்குக் கதை கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஹிட்ச்காக் தன் வழக்கமான சம்பளத்தை விட்டுக்கொடுத்து, படத்தில் பங்கு கேட்டார். தன் டிவி தொடருக்கு வேலை செய்த குழுவையே வைத்துக்கொண்டு, யுனிவர்சல் வளாகத்தில், கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலரில் படத்தை முடித்தார். அந்தக் காலத்திலேயே அது சின்ன பட்ஜெட்தான்.

ஆனால் பெரிய மாற்றம் பட்ஜெட்டில் இல்லை. திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோவுக்கு அந்தக் குண்டு நார்மனோடு ஒட்டவே முடியவில்லை. அந்தப் பாத்திரத்துக்கு ஆன்டனி பெர்கின்ஸை வைத்திருப்பதாக ஹிட்ச்காக் சொன்னதும் எல்லாம் மாறிவிட்டது. பெர்கின்ஸுக்கு அப்போது 27 வயது. 1956ல் வந்த 'ஃபிரெண்ட்லி பெர்சுவேஷன்' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர். பாட்டு ரெக்கார்டு போட்டவர், இளம்பெண்கள் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டும் ரகம். நம்மூர்க் கணக்கில் சொன்னால், சாக்லேட் பாய் ஒருவரைக் கூப்பிட்டு கொலைகாரன் வேஷம் கொடுத்த மாதிரி.

இந்த ஒரு முடிவுதான் திகில் பட வரலாற்றை இரண்டாக வெட்டியது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஹாலிவுட்டின் பயம் பெரும்பாலும் வெளியூர்க்காரன். டிராகுலா டிரான்சில்வேனியாவிலிருந்து வருவார், மம்மி எகிப்திலிருந்து வரும், ஐம்பதுகளில் வேற்றுக்கிரகவாசிகள் தட்டில் ஏறி வருவார்கள். நார்மன் எங்கிருந்தும் வரவில்லை. ஹைவே ஓரத்தில், 'ரூம் இருக்கா?' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக் கொடுக்கிறான்.

பார்லர் காட்சி

'சைக்கோ' என்றாலே எல்லோரும் பேசுவது ஷவர் காட்சியைத்தான். பேசவேண்டியதுதான். முக்கால் நிமிடம் போல வரும் தாக்குதலை எடுக்க ஒரு வாரம் பிடித்தது. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். கத்தி உடம்பில் இறங்குவது ஏறக்குறைய கண்ணில் படுவதே இல்லை, நம் மூளைதான் அதை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் வயலின்களைக் கீச்சிட வைத்து எழுதிக்கொண்டு வந்தார். கேட்டதும் ஹிட்ச்காக் மனம் மாறினார். இன்னொரு வேடிக்கை: அந்தக் காட்சி படமானபோது பெர்கின்ஸ் ஊரிலேயே இல்லை. நியூயார்க்கில் ஒரு நாடக ஒத்திகையில் இருந்தார். திரையில் கத்தியோடு வருவது வேறு ஆள்.

ஆனால் நார்மன் என்ற மனிதனைப் புரிந்துகொள்ள ஷவர் காட்சி உதவாது. அதற்குச் சற்று முன்னால் வரும் பார்லர் காட்சியைப் பார்க்க வேண்டும்.

மேரியன் கிரேன் (ஜேனட் லீ) முதலாளியின் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடிவந்தவள். மழையில் வழி தவறி மோட்டலுக்கு வருகிறாள். நார்மன் அவளுக்கு சான்ட்விச்சும் பாலும் கொண்டு வருகிறான். ஆபீசுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சுவரெல்லாம் பாடம் செய்த பறவைகள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மனமும் சரியில்லை, விட்டுவிட்டுப் போக முடியாது என்கிறான் நார்மன். எங்காவது ஒரு இடத்தில் சேர்த்துவிடலாமே என்று மேரியன் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்.

அதுவரை திக்கித் திக்கிப் பேசியவன் அப்படியே முன்னால் சாய்கிறான். முகம் மாறுகிறது. அந்த மாதிரி இடங்களுக்குள் என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறான். அங்கே கேட்கும் சிரிப்பையும் அழுகையையும், தன்னையே உற்றுப் பார்க்கும் கண்களையும் சொல்கிறான். 'எங்காவது' என்று நாசூக்காகச் சொல்கிறவர்களை அவன் வெறுக்கிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடி சாதுவாகி, எல்லோருக்கும் சில நேரம் புத்தி பிசகத்தானே செய்கிறது என்கிறான்.

மேரியன் அதை ஏற்றுக்கொள்கிறாள். பணத்தைத் திருடியது தன்னுடைய பிசகு என்று அவளுக்கு உறைக்கிறது. திரும்பிப் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட முடிவு செய்கிறாள். அவளுக்கு நல்ல புத்தி வருவதே நார்மனோடு பேசியதால்தான்! அந்த முடிவோடுதான் குளிக்கப் போகிறாள்.

கொலைக்குப் பிறகு ஹிட்ச்காக் இன்னும் ஒரு வேலை செய்கிறார். 'அம்மா செய்த காரியத்தை' மறைக்க நார்மன் குளியலறையைத் துடைக்கிறான், பிணத்தைக் காரில் ஏற்றி சதுப்பில் தள்ளுகிறான். கார் மெல்ல மெல்ல மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. நார்மனுக்குப் பதற்றம். நமக்கும் பதற்றம்! 'ஐயோ, முழுகித் தொலையேன்' என்று மனம் சொல்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்வரை மேரியனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாம், இப்போது அவள் பிணம் கிடைக்கக்கூடாது என்று கவலைப்படுகிறோம். நம்மை நார்மன் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார் மனிதர்.

கடைசியில் உண்மை தெரிகிறது. அம்மா இறந்து பத்து வருடமாகிறது. கொன்றவன் நார்மன்தான். குற்ற உணர்ச்சி தாங்காமல் அம்மாவின் உடலைப் பாடம் செய்து வைத்து, அவளாகவே பேசி, அவளாகவே உடுத்தி, அவளாகவே கொலையும் செய்கிறான். ஒரு மனநல மருத்துவர் வந்து நாலைந்து நிமிடம் பாடம் நடத்துகிறார். ரோஜர் ஈபர்ட் உட்படப் பல விமர்சகர்களுக்குப் பிடிக்காத காட்சி இது. ஒரே உடலில் பல ஆளுமைகள் என்ற விஷயம் அப்போது அமெரிக்காவில் பரபரப்பு. 1957ல் வந்த 'தி த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்' அதைப் பற்றியதுதான், அதில் நடித்த ஜோன் உட்வர்ட் ஆஸ்கரே வாங்கினார். மருத்துவர் எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டி முடித்ததும் ஹிட்ச்காக் நம்மை நார்மன் இருக்கும் அறைக்குக் கூட்டிப் போகிறார். போர்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாவின் குரலோடு உட்கார்ந்திருக்கும் அந்த முகம் எந்த லேபிளுக்கும் அடங்கவில்லை.

என் கட்சி இதுதான்: படம் நார்மனை நம்மில் ஒருவனாகக் காட்டியது. அவனுக்குப் பின்னால் வந்த மரபு அவனை நம்மிலிருந்து பிரித்து ஒரு தனி ஜாதியாக்கிவிட்டது.

முகம் போய் முகமூடி வந்தது

'சைக்கோ'வின் வாரிசுகளை வரிசையாகப் பாருங்கள்.

1974ல் 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்'. அதே எட் கீன் விவகாரத்திலிருந்து பிறந்தவன்தான் லெதர்ஃபேஸ். மனிதத் தோலில் செய்த முகமூடி.

1978ல் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்'. கதாநாயகி ஜேமி லீ கர்டிஸ், ஷவரில் செத்துப்போன ஜேனட் லீயின் சொந்த மகள். மருத்துவர் பாத்திரத்தின் பெயர் சாம் லூமிஸ், மேரியனின் காதலன் பெயரே அதுதான். இத்தனை மரியாதை செய்த படத்தில் வில்லன் மைக்கேல் மையர்ஸ் யார்? மனநல மருத்துவமனையிலிருந்து தப்பித்து வந்தவன். வெள்ளை முகமூடி, பேச்சே கிடையாது. அவன் வெறும் தீமை, அவ்வளவுதான் என்று அவனுடைய டாக்டரே சொல்லிவிடுகிறார்.

1980ல் 'ஃபிரைடே தி 13த்'. நார்மன் கதையின் தலைகீழ்: இங்கே மகனுக்காகக் கொலை செய்வது அம்மா. அடுத்தடுத்த பாகங்களில் மகன் ஜேசனே வருகிறான், 1982ல் வந்த மூன்றாம் பாகத்தில் ஹாக்கி முகமூடி மாட்டிக்கொள்கிறான்.

கவனித்தீர்களா? நார்மனின் பயங்கரமே அவனுக்கு ஒரு முகம் இருந்ததுதான். அழகான, கூச்சமான, நமக்குப் பிடித்துப்போன முகம். வாரிசுகள் கத்தியை எடுத்துக்கொண்டார்கள், முகத்தை விட்டுவிட்டார்கள். சான்ட்விச் கொடுத்து உட்கார்ந்து பேசும் கொலைகாரன் போய், பேசவே தெரியாத ஒரு உருவம் வந்தது.

இந்த மாற்றம் நடந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1955ல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். அதன்பின் புதிய மருந்துகள் வந்தன. 1963ல் கென்னடி காலத்துச் சட்டம் ஒன்று, நோயாளிகளைக் கோட்டைக்குள் வைக்காமல் அவரவர் ஊரிலேயே சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றது. மருத்துவமனைகள் காலியாகத் தொடங்கின. நிஜத்தில் நோயாளிகள் வீடு திரும்பிக்கொண்டிருந்த அதே இருபது வருடத்தில், திரையில் மருத்துவமனையிலிருந்து 'தப்பித்து' வருகிறவன் கத்தியோடு வர ஆரம்பித்தான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பியவரை வரவேற்ற பக்கத்து வீட்டுக்காரர், நேற்று ராத்திரி தியேட்டரில் என்ன பார்த்துவிட்டு வந்திருப்பார்?

யாரும் பேசாத இரண்டாம் பாகம்

1983ல் 'சைக்கோ 2' வந்தது. ஹிட்ச்காக் அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டார். இரண்டாம் பாகம் என்றாலே மொக்கை என்று பலர் பார்ப்பதில்லை. ஆனால் இதன் கதையைக் கேளுங்கள்.

22 வருட சிகிச்சைக்குப் பிறகு நார்மன் குணமாகிவிட்டான் என்று கோர்ட் விடுவிக்கிறது. கொலையுண்ட மேரியனின் தங்கை லைலா, விடக்கூடாது என்று கையெழுத்து வேட்டை நடத்துகிறாள். நார்மன் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்கிறான். கத்தியைக் கையில் எடுக்கவே கை நடுங்குகிறது. திடீரென்று 'அம்மா'விடமிருந்து துண்டுச் சீட்டுகள் வருகின்றன, போன் வருகிறது. அவனை மறுபடி பைத்தியமாக்கி உள்ளே தள்ளுவதற்கு லைலாவும் அவள் மகளும் செய்கிற வேலை அது!

குணமான ஒருவனைக் குணமானவனாக இருக்க நாம் விடுவோமா? இந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியம் எந்தத் திகில் படத்துக்கும் அவ்வளவாக இருந்ததில்லை. துரதிர்ஷ்டம், கடைசி ஐந்து நிமிடத்தில் படம் பழைய வழிக்கே திரும்பி நார்மன் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுகிறது. டிக்கெட் வாங்கியவனுக்குப் பழைய நார்மன்தானே வேண்டும்.

பெர்கின்ஸ் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1961ல் 'குட்பை அகெய்ன்' படத்துக்காக கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். ஆனால் ஊர் அவரை நார்மனாகவே பார்த்தது. கடைசியில் அவரும் மோட்டலுக்கே திரும்பினார். 1983, 1986, 1990 என மூன்று முறை மறுபடி நார்மனாக நடித்தார், அதில் 1986 படத்தை இயக்கியதும் அவரே. 1992ல் இறந்தார். 'சைக்கோ'வுக்கு நான்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தும் அதில் அவர் பெயர் இல்லை என்பது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அதன் பிறகும் நார்மன் ஓயவில்லை. 1998ல் கஸ் வான் சான்ட் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே திரும்ப எடுத்தார். 2013 முதல் 2017 வரை 'பேட்ஸ் மோட்டல்' தொடர் ஐந்து சீசன் ஓடியது. அது நார்மனின் பதின்வயதுக்குப் போய், அம்மாவும் பிள்ளையும் எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள் என்று பொறுமையாகச் சொன்னது. நார்மனுக்கு அவன் முகத்தைத் திருப்பிக் கொடுத்த முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

நம்ம ஊர் சைக்கோ

தமிழில் பழைய சொற்களைப் பாருங்கள். 'பித்தன்' என்றால் சிவபெருமானுக்கே பெயர். 'பைத்தியம்' என்பதில் இரக்கம் உண்டு, பிரியமும் உண்டு. கிரிக்கெட் பைத்தியம், சினிமா பைத்தியம் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். 'லூசு' என்பதைக் காதலர்கள் கொஞ்சலாகவே சொல்லிக்கொள்கிறார்கள். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' கொஞ்சம் கொடூரம், ஆனால் அதிலும் கேலிதான் அதிகம். இவை எல்லாமே காயப்படுத்தக்கூடிய சொற்கள்தான். ஆனால் எதிலும் கொலை கிடையாது. 'சைக்கோ' வந்த பிறகுதான் புத்தி பிசகியவன் கையில் கத்தியும் வந்தது.

சினிமா வழியாக வந்த தடம் தெளிவாகவே தெரிகிறது. 1978ல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்', 1980ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. இரண்டிலும் சிறு வயதுக் காயம், அதனால் பெண்கள் மேல் வெறுப்பு, வெளியே கண்ணியமான இளைஞன். 'மூடுபனி' ராஜேந்திரகுமாரின் நாவலை அடிப்படையாகக் கொண்டது என்றாலும் ஹிட்ச்காக்கின் நிழல் அதன் மேல் விழுந்திருப்பது நன்றாகவே தெரியும். 2005ல் 'அந்நிய'னும் 'சந்திரமுகி'யும் வந்து, ஒரே உடலில் வேறு வேறு ஆள் என்ற விஷயத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன. 2020ல் மிஷ்கின் தன் படத்துக்கு 'சைக்கோ' என்றே பெயர் வைத்தார். கொலைகாரனின் பள்ளிக்கூடக் காயத்தைக் காட்டி, கடத்தப்பட்ட பெண்ணே அவனுக்காக இரங்குவதுபோல எடுத்தார். இத்தனை கொலை செய்தவனுக்கு இரக்கமா என்று பலர் கோபப்பட்டார்கள். சரியோ தப்போ, பார்லரில் மேரியன் உட்கார்ந்த நாற்காலியில் அவர் நம்மையும் உட்காரச் சொன்னார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்வது 2001ம் வருடம்.

அந்த வருடம் ஆகஸ்ட் 6ம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த மற்றக் காப்பகங்கள் மூடப்பட்டன.

அதே வருடம் நவம்பரில் 'ஆளவந்தான்' வந்தது. மனச்சிதைவு நோயோடு மனநல விடுதியிலிருந்து தப்பித்து, தம்பி மனைவியைக் கொல்லத் துரத்தும் நந்து. கமல் உடம்பைப் போட்டு உழைத்த படம். நந்துவின் சிறு வயதுக் கொடுமைகளையும் படம் காட்டத்தான் செய்தது. அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை, படம் ஏர்வாடிக்கு முன்பே எடுக்கத் தொடங்கியதும்கூட. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரையில், கட்டை அறுத்துக்கொண்டு வந்து நம்மைக் கொல்லப்போகிறவன். நிஜத்தில், கட்டை அறுக்க முடியாமல் வெந்துபோனவர்கள். நாம் எதற்குப் பயந்தோமோ, நடந்தது அதற்கு நேர் எதிரானது.

மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதையேதான். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. மற்றவர்களைவிட அவர்கள்தான் அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. 'சைக்கோசிஸ்' என்றால் நிஜம் எது, பிரமை எது என்று தெரியாமல் தவிக்கும் நிலை. 'சைக்கோபதி' என்றால் எல்லாம் தெரிந்தும் அடுத்தவர் வலி உறைக்காத குணம். இரண்டும் வேறு வேறு. 'சைக்கோ' என்ற சொல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. அம்மாவின் குரல் காதில் கேட்டு அழும் பையனும், திட்டம் போட்டுக் கொல்கிறவனும் பேப்பர்க்காரருக்கு ஒன்றே.

இதனால் நஷ்டம் யாருக்கு? தூக்கம் வராமல், காதில் ஏதோ குரல் கேட்பதாக உணரும் ஒரு முதல் வருட மாணவனை நினைத்துப் பாருங்கள். டாக்டரிடம் போனால் 'சைக்கோ' என்பார்களே என்று ஆறு மாதம் தள்ளிப்போடுகிறான். ஆரம்பத்திலேயே போனால் சரியாகக்கூடிய விஷயம், அந்த ஆறு மாதத்தில் முற்றிவிடுகிறது. 2017ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் தடுக்கலாம். ஒரு சொல்லைத் தடுக்கச் சட்டம் கிடையாது.

இதற்காக 'சைக்கோ'வைப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் என்னைவிட முட்டாள் இருக்க முடியாது. பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஷவர் காட்சியை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் பார்லர் காட்சியை இரண்டு முறை பாருங்கள். மனம் சரியில்லாதவர்களை 'எங்காவது' கொண்டுபோய் வைத்துவிடலாம் என்ற பேச்சுக்கு, திகில் பட வரலாற்றின் மிகப் பெரிய வில்லன் ஒருவன் என்ன பதில் சொல்கிறான் என்று கேளுங்கள். ஒரு கொலைகாரன் சொல்கிறான் என்பதால் அது பொய்யாகிவிடாது.

அப்புறம், அந்த ரூம்மேட் ராத்திரி இரண்டு மணிக்கு லைட்டைப் போட்டால், 'டேய், தூங்க விடுடா' என்று மட்டும் சொல்லுங்கள். பல நாளாக அவன் தூங்கவே இல்லை என்று தெரிந்தால், பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆச்சு என்று கேளுங்கள்.